ஐரிஷ் மொழிப் படங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, ஆட்கள் எப்படி வந்தார்கள்

நேயர்களுக்கு வணக்கம். உலக சினிமா பற்றி ஏதாவது ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது எனக்கு உடனே தோன்றியது அயர்லாந்து. அதிலும் ஆங்கிலத்தில் எடுக்கப்படும் அயர்லாந்துப் படங்கள் அல்ல, ஐரிஷ் மொழியிலேயே எடுக்கப்படும் முழுநீளப் படங்கள். கடந்த சில ஆண்டுகளில் அங்கே நடந்திருப்பது சிறிய மொழி பேசும் எவரும் உட்கார்ந்து கவனிக்க வேண்டிய விஷயம்.

அயர்லாந்தின் அரசியலமைப்புப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 18 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வெளியே அன்றாடம் பேசுகிறோம் என்றவர்கள் சுமார் 72 ஆயிரம் பேர்தான். இந்த 72 ஆயிரம் பேரும் ஒருவர் விடாமல் வந்து, ஆளுக்குப் பத்து யூரோ கொடுத்து டிக்கெட் வாங்குகிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வசூல் ஏழு லட்சத்துச் சொச்சம் யூரோ. அதில் திரையரங்கின் பங்கு, விநியோகஸ்தர் பங்கு எல்லாம் போனால் ஒரு சின்னப் படத்தின் செலவுகூடத் தேறாது. எந்தத் தயாரிப்பாளர் சொந்தப் பணத்தைப் போடுவார்?

யாரும் போடவில்லை. 1978இல் பாப் க்வின் என்பவர், அயர்லாந்தின் மேற்கில் ஐரிஷ் பேசும் ஊர்கள் உள்ள கானமாரா பகுதியில் 'போச்சீன்' என்ற படத்தை எடுத்தார். முழுக்க முழுக்க ஐரிஷ் மொழியில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சும் ஒரு கிழவர், அவரிடம் சரக்கு வாங்கி விற்கும் இரண்டு போக்கிரிகள், அவ்வளவுதான் கதை. அடுத்த ஆண்டு புனித பேட்ரிக் திருநாளன்று அரசுத் தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பானபோது பெரிய கூச்சல் எழுந்தது. ஐரிஷ் பேசும் கிராமத்தான் என்றால் நல்லவனாக, சாதுவாக இருக்க வேண்டும் என்று நகரத்தார் எதிர்பார்த்திருந்தார்கள். க்வின் அவனைக் குடித்துவிட்டு அடித்துக்கொள்கிறவனாகக் காட்டினார். எனக்கு அந்தப் படத்தின் மீது மிகுந்த மரியாதை உண்டு. மொழியைப் பூஜை அறையில் வைக்காமல் அன்றாட வாழ்க்கையில் வைத்தது அது. ஆனால் அதன் வழியில் அடுத்தடுத்த படங்கள் வரிசையாக வரவில்லை. நிலையான நிதி கிடையாது, நடிகர்கள் கிடையாது, எழுதுகிறவர்கள் கிடையாது.

இந்தக் குறையைத் தீர்த்தது சினிமா அல்ல, தொலைக்காட்சி. தங்கள் மொழிக்குத் தனி அலைவரிசை வேண்டும் என்று ஐரிஷ் பேசும் மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 1987இல் ரோஸ் முக் என்ற ஊரில் உரிமம் இல்லாமலேயே ஒளிபரப்பிக் காட்டினார்கள். 1996 அக்டோபர் 31 அன்று ஐரிஷ் மொழித் தொலைக்காட்சி தொடங்கியது. இன்று அதன் பெயர் டி.ஜி.4. தலைமையகம் தலைநகர் டப்ளினில் இல்லை, கானமாராவில் இருக்கிறது. அந்த ஆண்டு தொடங்கிய 'ரோஸ் நா ரூன்' என்ற நெடுந்தொடர் இன்றும் ஓடுகிறது. ஐரிஷ் மொழியில் வசனம் எழுதவும், நடிக்கவும், ஒலி பிடிக்கவும், விளக்கு அமைக்கவும் சம்பளம் வாங்கிக்கொண்டு பழகிய ஒரு கூட்டத்தை உருவாக்கியது அந்தத் தொடர்தான். பிரிட்டனின் ஆட்சியில் உள்ள வடக்கு அயர்லாந்தில் 1998 சமாதான உடன்பாட்டின் தொடர்ச்சியாக ஐரிஷ் ஒளிபரப்புக்கென்றே தனி நிதியம் ஒன்று வந்தது. இந்த அடித்தளம் எல்லாம் போட்டு இருபது ஆண்டுகள் கழித்துத்தான் சினிமாவுக்கு வந்தார்கள்.

2017இல் டி.ஜி.4, ஸ்க்ரீன் அயர்லாந்து எனும் அரசுத் திரைப்பட நிறுவனம், ஒளிபரப்பு ஆணையம் ஆகிய மூன்றும் சேர்ந்து 'சினி4' என்ற திட்டத்தைத் தொடங்கின. நடைமுறை எளிமையானது. ஒவ்வோர் ஆண்டும் கதைகளை வரவேற்பார்கள். சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, முதலில் திரைக்கதையைச் செப்பனிடவே பணம் தருவார்கள். அப்புறம் அவற்றில் ஒன்றிரண்டை மட்டும் படமாக்க நிதி கொடுப்பார்கள். தொடக்கத்தில் ஒரு படத்துக்கு உச்சவரம்பு 12 லட்சம் யூரோ, நம் பணத்தில் பத்துப் பன்னிரண்டு கோடி ரூபாய். இதுபோக, அயர்லாந்தில் எடுக்கப்படும் படங்களுக்குத் தகுதியுள்ள செலவில் அடிப்படையாக 32 விழுக்காடு வரை வரிச்சலுகையும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, எழுதும் கட்டத்துக்கே பணம் கொடுப்பது. படமாக்கத் தேர்வாகாத கதையை எழுதியவருக்கும் கூலி கிடைக்கிறது, அனுபவம் கிடைக்கிறது. அடுத்த முறை அவர் இன்னும் நல்ல கதையோடு வருவார். நிதி கொடுப்பவர்கள் பெரும்பாலும் முடிந்த படத்தைத்தான் கணக்கில் காட்ட விரும்புவார்கள்; இவர்கள் முடியாததற்கும் செலவு செய்யத் துணிந்தார்கள்.

திட்டத்தில் முதலில் கவனம் பெற்ற படம் 'அராக்ட்'. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தைப் பற்றியது. 2019இல் எஸ்டோனியாவின் தாலின் விழாவில் முதலில் காட்டப்பட்டது. பெருந்தொற்று குறுக்கே வந்து, உள்ளூர்த் திரையரங்குகளுக்குப் போவதற்கு 2021 ஆகிவிட்டது. அதே காலத்தில் வந்த இன்னொரு படம் 'ஃபோஸ்கா'. இரண்டையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆஸ்கருக்கு அனுப்பினார்கள். பரிந்துரைப் பட்டியலை எட்டவில்லை.

அடுத்து வந்தது 'அன் கலீன் கியூன்', அமைதியான பெண் என்று பொருள். க்ளேர் கீகன் ஆங்கிலத்தில் எழுதிய குறுநாவலை எடுத்துக்கொண்டு, இயக்குநர் கோலம் பேரேட் ஐரிஷ் மொழியில் திரைக்கதை ஆக்கினார். தயாரிப்பாளர் அவருடைய மனைவி க்ளியோனா நீ க்ரூலீ. 1981இல் நடக்கும் கதை. பிள்ளைகள் நிறைந்த, அன்பு வறண்ட வீட்டிலிருந்து ஒன்பது வயதுச் சிறுமி காய்ட், ஒரு கோடைக்காலத்துக்கு உறவினர் வீட்டில் விடப்படுகிறாள். ஒரு காட்சியைச் சொல்கிறேன். அந்த வீட்டுப் பெரியவர் சிறுமியிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். ஒரு முறை அவளைக் கடிந்தும்விடுகிறார். பிறகு சமையலறை மேசையைக் கடந்து போகும்போது, ஒரு க்ரீம் பிஸ்கட்டை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய்விடுகிறார். மன்னிப்பு, பாசம், இரண்டுமே அந்தப் பிஸ்கட்டில் வந்துவிடுகின்றன. இதை எடுக்கப் பத்துப் பன்னிரண்டு கோடியே தாராளம். வரம்பு குறைவாக இருந்ததால் கதையாசிரியர்கள் நான்கு சுவருக்குள், இரண்டு மூன்று மனிதர்களுக்குள் ஆழமாகத் தோண்ட வேண்டியதாயிற்று. அது நல்லதுக்கே ஆனது.

இந்தப் படத்தில் சிறுமியை அனுப்பிவிடும் தகப்பன் ஆங்கிலம்தான் பேசுகிறான். அவளை ஏற்றுக்கொள்ளும் வீட்டில் ஐரிஷ் பேசுகிறார்கள். யாரும் மொழியைப் பற்றி வாய்திறப்பதே இல்லை, ஆனாலும் பார்ப்பவர்களுக்கு எந்த மொழியில் கதகதப்பு இருக்கிறது என்று புரிந்துவிடுகிறது. காய்ட்டாக நடித்த கேத்தரின் க்ளின்ச் ஐரிஷ் வழிப் பள்ளியில் படித்தவர். அப்படிப்பட்ட பள்ளிகள் இல்லாவிட்டால் இந்த வேடத்துக்கு ஆள் எங்கே தேடியிருப்பார்கள்?

2022 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் சிறுவர் பிரிவுக்கான சர்வதேச நடுவர் குழுவின் முதல் பரிசு. மே மாதம் திரையரங்குகளில் வெளியீடு. அயர்லாந்திலும் பிரிட்டனிலும் சேர்த்துப் பத்து லட்சம் யூரோ வசூலைத் தாண்டிய முதல் ஐரிஷ் மொழிப் படம் அது. 2023 ஜனவரியில், ஆங்கிலம் அல்லாத படங்களுக்கான சர்வதேசப் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் அயர்லாந்துப் படமாகவும் ஆனது.

யார் போய்ப் பார்த்தார்கள்? இதுதான் எனக்குச் சுவையான கேள்வி. அந்த 72 ஆயிரம் பேர் மட்டுமல்ல. அயர்லாந்தில் கிட்டத்தட்ட எல்லாரும் பள்ளி முழுக்க ஐரிஷைக் கட்டாயப் பாடமாகப் படித்தவர்கள். தேர்வுக்கு உருப்போட்டு, முடிந்ததும் விட்டவர்கள். அவர்கள் திரையரங்கில் உட்கார்ந்து கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துக்கொண்டே, காதில் விழும் வார்த்தைகளில் பாதியை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பரீட்சையாகத் தெரிந்த மொழி அவர்களுக்கு முதல் முறையாக ஒரு மனிதரின் குரலாகக் கேட்கிறது. அந்த அனுபவத்துக்குத்தான் அவர்கள் டிக்கெட் வாங்கினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் எடுத்த அயர்லாந்துப் படம் ஹாலிவுட்டோடு மோத வேண்டும். ஆஸ்கரின் சர்வதேசப் பிரிவில் அதற்கு இடமே இல்லை. ஐரிஷில் எடுத்தால், உலக சினிமாவைத் தேடிப் பார்க்கும் ரசிகர்கள் போகும் அதே அரங்குகளில் இடம் கிடைக்கிறது. சுமை என்று நினைக்கப்பட்ட மொழியே நுழைவுச்சீட்டாக மாறிவிட்டது.

2024இல் 'நீகேப்' வந்தபோது இந்தக் கூட்டம் இளைஞர்கள் பக்கம் விரிந்தது. பெல்ஃபாஸ்டின் 'நீகேப்' என்ற ராப் இசைக்குழுவின் மூவரும் தங்கள் வேடத்தில் தாங்களே நடித்த படம். இது சினி4 படம் அல்ல. வடக்கு அயர்லாந்தின் திரை நிறுவனமும் ஐரிஷ் நிதியமும், பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனமும், ஸ்க்ரீன் அயர்லாந்தும், டி.ஜி.4உம் கைகோத்தன. அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது கிடைத்தது. இயக்குநர் ரிச் பெப்பியட்டுக்குப் பிரிட்டனின் பாஃப்டாவில் அறிமுகப் படைப்பாளிக்கான விருது. போதை, கெட்ட வார்த்தை, அரசியல் எல்லாம் கலந்த படம். 'போச்சீன்' எடுத்த க்வின் அன்று வாங்கிய வசவை நினைத்துக்கொண்டால், இந்த வரவேற்பு எனக்கு நிறைவாக இருக்கிறது.

எனக்கு ஒரு கவலையும் உண்டு. இரண்டு படங்கள் ஓடிவிட்டதால், இனி வரும் ஒவ்வொரு படத்தையும் அவற்றின் வசூலை வைத்தே அளப்பார்கள். 'அராக்ட்' பணம் சேர்க்காவிட்டாலும், அது இல்லாமல் 'அன் கலீன் கியூன்' வந்திருக்காது. வாட்டர்ஃபோர்டில் எடுத்த 'ரோஷா அண்டு ஃபிராங்க்' என்ற நாய்க்கதை போன்ற எளிய படங்களும், 'ஃப்ரேவாக்கா' போன்ற பேய்ப்படங்களும் தொடர்ந்து வர வேண்டும். படம் எடுக்கக் கொடுப்பதைப் போலவே, அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டவும் கொடுக்க வேண்டும் என்று அங்குள்ள நிதியாளர்களிடம் கேட்கத் தோன்றுகிறது.

பார்க்க விரும்பும் நேயர்களுக்கு: முதலில் 'அன் கலீன் கியூன்' பாருங்கள், வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். 'நீகேப்' பெரியவர்களுக்கு மட்டும். கிடைத்தால் 'போச்சீன்' படத்தையும் விடாதீர்கள். வணக்கம்.