மேசை மேல் ஒரு சூரிய கிரகணம்

வணக்கம். பாடப்புத்தகத்தில் சூரிய கிரகணப் படம் பார்த்திருப்பீர்கள். சூரியன், நிலா, பூமி மூன்றும் உரசுகிற நெருக்கத்தில், ஒரே கோட்டில் நிற்கும். எனக்கு அந்தப் படத்தின்மேல் பழைய கோபம் உண்டு. அதைப் பார்த்தால் அமாவாசைதோறும் கிரகணம் வர வேண்டும் என்றுதானே தோன்றும்?

இன்று சரியான அளவில் வைத்துப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் என்பது 1,000 கிலோமீட்டர். இந்தக் கோலிக்குண்டு பூமி. குறுக்களவு 13 மில்லிமீட்டர். இந்தப் பாசிமணி நிலா, மூன்றரை மில்லிமீட்டர். இரண்டுக்கும் இடையே 38 சென்டிமீட்டர். மணி உருண்டுவிட்டது, ஒரு நிமிடம்... சரி, கிடைத்துவிட்டது. சூரியனை மேசையில் வைக்க முடியாது. அது 1.4 மீட்டர் உருண்டை. 150 மீட்டர் தள்ளி, தெருக்கோடியில் இருக்கும்.

பூமி சூரியனைச் சுற்றும் தளம்தான் இந்த மேசை மட்டம் என்று வைத்துக்கொள்வோம். நிலாவின் சுற்றுப்பாதை அதற்குச் சுமார் 5 பாகை சாய்ந்தது. எனவே மணி இந்த மேசை மட்டத்திலிருந்து 3.4 சென்டிமீட்டர் வரை ஏறும், இறங்கும். கோலியோ 1.3 சென்டிமீட்டர்தான். பெரும்பாலான அமாவாசைகளில் நிழல் கோலிக்கு மேலேயோ கீழேயோ போய்விடுகிறது. மணி மட்டத்தைக் கடக்கும் இடத்துக்கு அருகே அமாவாசை அமைந்தால்தான் கிரகணம். ஆண்டுக்குக் குறைந்தது 2, அதிகம் போனால் 5.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். மணியின் கருநிழல் கூம்பாகக் குறுகி, 37 சென்டிமீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. தூரமோ 38! நிலா நெருங்கி வந்து, 36 சென்டிமீட்டரில் இருக்கும்போது கூம்பின் நுனி கோலியைத் தொடும். அந்தப் புள்ளியில் நிற்பவருக்கு முழு கிரகணம். விலகி 40-ல் இருந்தால் நுனி எட்டாது. சூரியன் விளிம்பில் வளையமாக மிஞ்சும். தொடும்போதும் அந்தப் புள்ளியின் அகலம் பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்குள்தான். சுற்றிலும் விழுவது புறநிழல். அங்கே இருப்பவர்கள் கடித்த அப்பளம் மாதிரி அரைகுறைச் சூரியனைப் பார்ப்பார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். பௌர்ணமி இரவில் இதே அளவு மணியை ஊசியில் குத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணிலிருந்து 38 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். நிலா அச்சாக மறையும். சூரியனும் வானத்தில் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் அதனிடம் இந்த வேலை வேண்டாம். கிரகணக் கண்ணாடி இல்லாமல் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.