பழமைவாதியையும் பேசவிடுங்கள்

(பாளையங்கோட்டையில் சமூக அறிவியல் ஆசிரியர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆசிரியர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நம்முடைய வரலாற்றுப் பாடத்தில் ஒருவர் அடிக்கடி வருவார், ஆனால் வாயே திறக்க மாட்டார். சதி ஒழிப்பா, விதவை மறுமணமா, கோயில் நுழைவா, எந்தப் பாடமானாலும் சரி, 'பழமைவாதிகள் எதிர்த்தனர்' என்று ஒரு வரியில் தலைகாட்டுவார். அடுத்த வரியில் தோற்றுப்போவார். என்ன சொல்லி எதிர்த்தார், அதை நம்பி ஏன் அத்தனை பேர் அவர் பின்னால் நின்றார்கள் என்று ஒரு வார்த்தை இருக்காது. பிள்ளைகளும் அந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணி இரண்டு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

அந்த ஆளைப் பேசவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். முழுசாகப் பேசவிட்டு, அப்புறம் குறுக்கு விசாரணை செய்யுங்கள். நாம் பேசவிடாவிட்டாலும் அவருடைய வாதம் பிள்ளைகளின் காதுக்குப் போகத்தான் போகிறது. வாட்ஸ்அப்பில் அதை முதல் தடவையாகக் கேட்கிற பையன், 'இதை ஏன் சார் நமக்குச் சொல்லவே இல்லை' என்று மயங்கிவிடுவான். மறைத்துவைத்தது எல்லாம் உண்மை என்று நினைக்கிற வயசு அது.

எங்கிருந்து ஆரம்பிப்பது? நவீனப் பழமைவாதத்தின் தந்தை என்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எட்மண்ட் பர்க்கைச் சொல்வார்கள். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து 1790-இல் புத்தகம் எழுதியவர். நாமும் அவரைப் பாரிசில் கொண்டுபோய் நிறுத்திப் பாடம் நடத்துகிறோம். தாமிரபரணிக்கரைப் பையனுக்குப் பாரிஸ் எதற்கு? நம் குளத்தங்கரையில் நிறுத்துங்கள். அவர் வந்து நிற்கக்கூடியவர்தான்.

1785 பிப்ரவரி 28. லண்டன் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன் பற்றிய விவாதம். நம் நெல்லைச் சீமையும் அந்த நவாபின் ஆட்சிக்கு உட்பட்டதுதான். கிழக்கிந்தியக் கும்பினி உத்தியோகஸ்தர்களே நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்துக் கொழுத்துவிட்டு, அந்தக் கடனைக் கர்நாடகச் சீமையின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, நவாப் ஆண்ட நம் பக்கத்துச் சீமை) வரியிலிருந்து வசூலித்துக்கொள்ளப் பார்த்தார்கள். அதைக் கிழித்துத் தொங்கவிட்ட பேச்சு அது. பேச்சின் நடுவே பர்க் குளங்களுக்கு வருகிறார். ஒரு வரைபடத்தில் இருந்த நீர்நிலைகளை நானே உட்கார்ந்து எண்ணினேன், அதில் மட்டும் 1,100-க்கு மேல் இருக்கின்றன என்கிறார். கர்நாடகமும் தஞ்சாவூரும் சேர்ந்தால் 10,000-க்குக் குறையாது என்கிறார். இவற்றை வெட்டியவர்கள்தான் மெய்யான அரசர்கள், பிறக்காத சந்ததியையும் தம் பிள்ளைகளாக நினைத்து உயில் எழுதி வைத்துப் போனவர்கள் என்கிறார். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராத மனிதர் சொன்னது இது!

ஐந்து வருஷம் கழித்துப் பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதையேதான் சொன்னார். சமூகம் என்பது இருக்கிறவர்கள், இறந்தவர்கள், இனிப் பிறக்கப் போகிறவர்கள் எல்லாரும் கூட்டாளிகளாகச் சேர்ந்தது. ஒரு தலைமுறை தன் இஷ்டத்துக்கு அதைக் கலைத்துவிட முடியாது என்றார். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் வெள்ளைக்காரன் காலத்தது. கன்னடியன், மருதூர் உட்பட மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. யாரோ கட்டி வைத்த அணையால் தன் வீட்டு வயல் இன்றைக்கும் விளைவதைப் பார்க்கிற பிள்ளைக்குப் பர்க்கின் வாதம் அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

சரி, பேசிவிட்டார். இனி விசாரணை. மண் சுமந்தது யார்? மடைக்குள் முங்கித் திறந்தது யார்? அந்த வயலில் அவர்களுக்கு ஒரு குழி நிலமாவது இருந்ததா? குளத்தைக் காத்துத் தந்த அதே மரபுதான், இன்னார் இந்தத் துறையில் இறங்கக் கூடாது என்பதையும் காத்துத் தந்தது. உயில் எழுதியவர் யார் யார் பெயரை விட்டுவிட்டார் என்று பிள்ளைகள் கேட்கட்டும். பர்க்குக்குப் பதில் எழுதிய தாமஸ் பெய்ன் 1791-இல் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். இறகைப் பார்த்து இரங்குகிறார், சாகிற பறவையை மறந்துவிட்டார் என்றார்.

இந்த இடத்தில் ஒரு பையன் கட்டாயம் எழுந்திருப்பான். "அப்போ அவர் நல்லவரா கெட்டவரா சார்?" பதில் சொல்லிவிடாதீர்கள். அமெரிக்கக் குடியேற்றங்களின் குறைகளுக்காகப் பரிந்து பேசியவரும் இங்கே கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸைக் கூண்டில் ஏற்றியவரும் இதே பர்க்தான் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் குழப்பிவிடுங்கள். தொழிலாளிக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டத்தை 1883-இல் கொண்டுவந்த ஜெர்மனியின் பிஸ்மார்க்கும் பழமைவாதிதான் என்றால் குழப்பம் பூர்த்தியாகிவிடும்.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கிருந்து கூப்பிடு தூரம், சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலம் தெரியும் உங்களுக்கு. லண்டனில் சாவர்க்கரோடு இருந்து, போலீஸுக்குத் தண்ணி காட்டிவிட்டுப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த புரட்சிக்காரர் அவர். காங்கிரஸ் பணமும் போன அந்தக் குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு. விஷயம் வெளியே வந்து, அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தார்கள். பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், என்ன செய்ய என்றார் ஐயர். காந்தி நடுவே வந்தார்: கொடுத்த வாக்கு அந்த இரண்டு பேரோடு போகட்டும், இனிச் சேருகிறவர்கள் எல்லாரும் ஒரே பந்தி. சமாதானம் ஆகவில்லை. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில், மகளைக் காப்பாற்றக் குதித்த ஐயர் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷக் கடைசியில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டார். தமிழ்நாட்டு அரசியல் தடம் மாறியதில் ஒரு சாப்பாட்டுப் பந்திக்குப் பெரிய பங்கு உண்டு.

இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே மனிதர் ஒரு காரியத்தில் புரட்சிக்காரர், இன்னொன்றில் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர். காந்தி சொன்னது மெதுவான மாற்றம். மற்றவர்கள் கேட்டது இன்றைக்கே. 'மெதுவாகப் போவோம்' என்பது பொறுப்பா, தள்ளிப்போடுவதா? தனியே உட்கார்ந்த பிள்ளைக்கு அது ஒரு மாதிரி தெரியும், இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு வேறு மாதிரி தெரியும். மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனையும் இப்படிப் பார்க்க வேண்டும். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் சனாதன தர்மத்துக்கு வந்த கேட்டைப் பேசுகிறது. நம் பாடத்தில் துப்பாக்கி உண்டு, கடிதம் கிடையாது. ராஜாஜிக்கும் அதே கதி: 1939 கோயில் நுழைவுச் சட்டம் ஒரு பாடத்தில், 'குலக்கல்வி' என்று எதிர்க்கப்பட்ட 1953 கல்வித் திட்டம் வேறு பாடத்தில், அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சி எங்கேயோ ஒரு மூலையில். மூன்றும் ஒரே ஆள் என்று பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இது சாதியைக் காட்டக் கையில் கலர் கலராகக் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கு வந்த பூமி. 2023-இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகுதான், பள்ளிகளில் சாதி வேற்றுமையைத் தவிர்க்க வழி சொல்ல நீதியரசர் சந்துரு குழுவே வந்தது. ஆகையால் சேரன்மாதேவிப் பந்தியை வகுப்பில் நாடகமாகப் போடாதீர்கள். நீ இந்தக் கட்சி, நீ அந்தக் கட்சி என்று பிரித்து நிறுத்தாதீர்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒரு பிள்ளையிடம் 'நீ சொல்லு' என்று கேட்கவே கேட்காதீர்கள். தன் தாத்தாவை எந்தப் பந்தியில் உட்காரவைத்தார்கள் என்பது வீட்டில் தெரிந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பட்டிமன்றம் நமக்குக் கைவந்த கலைதான், ஆனால் இதற்கு அது ஆகாது. கைதட்டலுக்காக எதையாவது சொல்லிவிடுவார்கள். எழுதச் சொல்லுங்கள். எழுதும்போதுதான் நிதானம் வரும். இன்றைய கட்சிகளின் பெயரும் வேண்டாம், மறுநாள் காலையில் தலைமையாசிரியர் அறையில் பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள்.

கேள்வியை இப்படி வைக்கலாம்: 'தனிப்பந்தி கேட்ட பெற்றோர் ஐயருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் என்ன காரணங்களைச் சொல்லியிருப்பார்கள்? ஒரு பத்தி. அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் உங்கள் பதில், இன்னொரு பத்தி.' ஐந்து மதிப்பெண். முதல் பத்தியில் பெற்றோரை வெறும் மடையர்களாகக் காட்டினால் இரண்டைக் குறையுங்கள். இரண்டாம் பத்தியில் காரணத்துக்குப் பதில் சொல்லாமல் திட்டு மட்டும் இருந்தால், அதற்கும் இரண்டு.

நன்றி, வணக்கம்.