ஒரு விரல்ல திரும்புற ஸ்டியரிங்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஜீப், லேண்ட் ரோவர், லேண்ட் குரூஸர் வச்சிருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்ல நீங்களே வச்சிருப்பீங்க. அந்த வண்டியை நின்ன இடத்துல திருப்புறதுன்னா தோள்பட்டை கழண்டுடும். அதுலயும் அகல டயர் வேற மாட்டியிருந்தா கேக்கவே வேண்டாம். அதனால வேற வண்டியோட பவர் ஸ்டியரிங்கைக் கழட்டிக் கொண்டுவந்து இதுல போட்டுடுறாங்க, போட்டுட்டு என்ன சொல்றாங்கன்னா, "சார், ஒரு விரல்ல திரும்புது சார்!" அந்த ஒரு விரலைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன்.

உங்க கையில இருக்கிற வீல்ல இருந்து ஒரு தண்டு கீழ இறங்கி ஸ்டியரிங் பாக்ஸுக்குள்ள போகுது. பாக்ஸ்ல இருந்து ஒரு கை நீட்டிக்கிட்டிருக்கும், பிட்மேன் ஆர்ம்னு சொல்வாங்க, அது ஒரு ராடைத் தள்ளும் இழுக்கும், டயர் திரும்பும், அவ்வளவுதான். பவர் ஸ்டியரிங்னா இன்ஜின் பெல்ட்ல ஓடுற பம்ப் ஒண்ணு, ஆயிலை ஆயிரம் பிஎஸ்ஐக்கு மேல அழுத்தி அந்த பாக்ஸுக்குள்ள அனுப்பும். இப்போ இதைக் கொஞ்சம் யோசிங்க. பாக்ஸ் ராடை எவ்வளவு தள்ளுதோ அதே அளவுக்கு ஃபிரேமையும் எதிர்ப்பக்கம் தள்ளுது. முன்னாடி உங்க தோள் வலியே ஒரு எல்லையா இருந்துச்சு, டயர் கல்லுல மாட்டினா நீங்க விட்டுடுவீங்க. பம்ப் விடாது. ஃபிரேம் மட்டும் அதே பழைய ஃபிரேம்தான்.

தெரிஞ்சவர் ஒருத்தர் புதுசா மாத்தின ஜீப்பைக் காட்டக் கூப்பிட்டாரு. ஏறி உக்காருங்க, ஓட்டிப் பாருங்கன்னாரு. நான் ஏறல, கீழ படுத்துட்டேன். அவருக்கு முகமே மாறிடுச்சு, அது போகட்டும். இன்ஜினை ஆன்ல வச்சு, வண்டியை நகத்தாம, வீலை மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுங்கன்னேன். ஆட்டினாரு. டயர் அசையறதுக்கு முன்னாடி பாக்ஸ் அசையுது! பாக்ஸ் மட்டும் இல்ல, அது உக்காந்திருக்கிற ஃபிரேம் தகடே முறுக்கிக்கிட்டுத் திரும்ப வருது. போல்ட்டைச் சுத்தி பெயின்ட்ல முடி மாதிரி ஒரு கீறல், வாஷருக்கு அடியில செம்மண் நிறத்துல நைஸா துரு பவுடர். அந்தப் பவுடரைப் பார்த்தாலே இரும்பும் இரும்பும் உரசுதுன்னு தெரிஞ்சுக்கலாம். அவரையே கீழ படுக்கச் சொல்லிட்டு நான் மேல ஏறி ஆட்டினேன், ரொம்ப நேரம் எழுந்திரிக்கவே இல்ல மனுஷன்.

பழைய ஜீப் ஃபிரேம் பல இடத்துல மூணு பக்கம்தான் தகடு, நாலாவது பக்கம் திறந்தே கிடக்கும். அங்க உள்ளுக்குத் தகடு வச்சு மூடணும். ஏற்கனவே மூடின ஃபிரேம்னா போல்ட் போற ஓட்டைக்குள்ள குழாய் மாதிரி ஸ்லீவ் வச்சு வெல்ட் பண்ணணும், இல்லன்னா போல்ட்டை இறுக்க இறுக்க ஃபிரேம் நசுங்கும், நசுங்கினா போல்ட் லூஸ் ஆகும். வெல்டிங் ஃபிரேம்லயே நிக்கட்டும், பிட்மேன் ஆர்ம் நீளம் பத்தலன்னு அதை வெட்டி ஒட்டுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், அது ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணின இரும்பு, சூடு பட்டா பலம் போயிடும், நடுரோட்டுல ஒடிஞ்சா வண்டி போற திசைதான் உங்க திசை. மறுபடியும் சொல்றேன், ஓட்டிப் பாக்குறதுக்கு முன்னாடி ஒருத்தரை வீலை ஆட்டச் சொல்லிட்டு நீங்க கீழ பாருங்க.

இன்னொண்ணு, மாத்தறதுக்கு முன்னாடியே கேக்க வேண்டியது. ஸ்டியரிங் ஏன் கனமா இருக்கு? முன் ஆக்ஸிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, ராடைக் கழட்டிட்டு டயரைக் கையால திருப்பிப் பாருங்க. அப்பவும் இறுகலா இருந்தா கோளாறு கிங் பின்ல, அதாவது டயர் திரும்புற அச்சுல. பழைய லேண்ட் ரோவர்ல, ஃபிரேமோட ரெண்டு பக்கத்தையும் முன்னாடி இணைக்கிற கிராஸ் மெம்பருக்குள்ள, ஒரு ராடோட அசைவை இன்னொரு ராடுக்கு மாத்துற ஸ்டியரிங் ரிலேன்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், அதுல ஆயில் வத்தி துரு ஏறினாலே பாதி கனம் அங்கதான். அதைச் சரி பண்ணாம பவர் ஸ்டியரிங் போட்டா கோளாறு அப்படியேதான் இருக்கும், உங்க கைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஓட்டிப் பாக்கும்போது வளைவு முடிஞ்சதும் பிடியைத் தளர்த்துங்க, வீல் தானா நடுவுக்கு வரணும், சோம்பி நின்னா கேஸ்டர் கோணம், அதாவது டயர் திரும்புற அச்சோட முன்பின் சாய்வு, சரியில்லாம இருக்கலாம். ஒரு சக்கரத்தை மேட்டுல ஏத்தினா ஸ்டியரிங் தானா சுத்தக் கூடாது. முழுசா திருப்பினா ஆக்ஸில்ல இருக்கிற ஸ்டாப்தான் முதல்ல தட்டணும், பாக்ஸோட உள் எல்லை இல்ல. அப்படியே ஹோஸ் டயர்ல உரசுதான்னும் பாருங்க. பள்ளத்துல இறங்கும்போது இன்ஜின் நின்னுபோச்சுன்னா உதவி போயிடும், பாக்ஸுக்குள்ள இருக்கிற ஆயிலையும் நீங்களே தள்ளணும், பழைய ஸ்டியரிங்கை விடக் கனமா கூட இருக்கலாம், அதையும் சமதரையில நிறுத்தி, இன்ஜினை அணைச்சுட்டு ஒரு தடவை திருப்பிப் பார்த்துடுங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு விரல் காட்டுறாங்க. எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் பத்தி விரிவா சொல்ல வந்தேன், நேரம் இல்ல. சுருக்கமா, அதுல மோட்டார் மேல தண்டுலயே உதவி பண்ணும், அப்போ தண்டு, ஜாயின்ட், பழைய பாக்ஸ் உள் பாகம் எல்லாமே அந்த பலத்தைத் தாங்கணும். கரன்ட்டும் நிறைய இழுக்கும், இன்னும் டைனமோ ஓடுற வண்டின்னா முதல்ல ஆல்டர்னேட்டர் மாத்துங்க. தண்ணியில இறக்குற வண்டின்னா மோட்டார் எந்த உயரத்துல இருக்குன்னு... சரி சரி, முடிச்சுக்கிறேன். நன்றி, வணக்கம்.