படுத்திருக்கும் சாமியிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்களுக்கு ஓட்டு ஆந்திராவில், மளிகை வாங்குவது தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டையில். ஒரே வாக்கியத்தில் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்போம். ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் ஆரணி ஆற்றோரம் சுருட்டப்பள்ளி. அங்கே சிவன் படுத்திருக்கிறார். பெருமாள் படுத்திருப்பது நமக்குப் பழக்கம்; சிவன் கோயிலில் லிங்கத்தைத் தேடிப் போகிற கண்ணுக்கு இது கொஞ்சம் திகைப்புதான். ஆலகால விஷத்தை விழுங்கிய மயக்கம். அம்பாள் மடியில் தலை. சுற்றிலும் தேவர்களும் முனிவர்களும், ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரர்களைப் போல.

ஆஸ்பத்திரி ஞாபகம் வந்ததற்குக் காரணம் உண்டு. என் மனைவிக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த வாரம் அது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். நெஞ்சு படபடக்கும். பூஜை அறையில் போய் உட்கார்ந்தால், சின்ன வயதிலிருந்து சொல்லிவரும் சுலோகம் பாதியில் நின்றுவிடும். இப்படி அரைகுறையாகக் கும்பிடலாமா என்று அதற்கும் சேர்த்து ஒரு பயம்.

அந்தப் பிரதோஷத்தன்று கோயிலுக்குப் போனேன். திரயோதசி மாலை, நல்ல கூட்டம். எனக்கு முன்னால் ஓர் ஆயா, இடுப்பில் காலிக் கீரைக்கூடை. சன்னதி வந்ததும் சத்தமாகவே கேட்டது:

“நீ படுத்துட்ட சாமி. நான் எங்க போய்ப் படுக்கிறது?”

குருக்கள் சிரித்துவிட்டார். ஆயா சிரிக்கவில்லை. மருமகன் குடி, வட்டிக்கு வாங்கிய பணம், பால் வற்றிப்போன மாடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. அப்புறம் விபூதியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் தெலுங்கில் பஸ் நேரம் விசாரித்தபடி நடந்தது.

எனக்கு அப்பர் நினைவுக்கு வந்தார். சூலை நோய் தாங்காமல் தமக்கை திலகவதியாரிடம் போய், திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகம் முறையீடுதான். வயிற்றுக்குள் குடலை முடக்கிப் போடுகிறது, ‘ஆற்றேன் அடியேன்’ என்கிறார். என்னால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். தேவாரத்தில் அவர் வாசலே அதுதான்.

நானும் சொன்னேன். “பயமாக இருக்கிறது.” அவ்வளவுதான் வந்தது.

பயம் போய்விடவில்லை. ஆனால் அன்றைக்குத் தூங்கினேன். மறுநாள் டாக்டரிடம், கேட்கப் பயந்து தள்ளிப்போட்ட கேள்விகளையெல்லாம் கேட்டேன். சாமியிடம் சொல்லியாச்சு, மாத்திரை எதற்கு என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. விஷம் தொண்டைக்குக் கீழே இறங்காமல் அம்பாள் கை வைத்துத் தடுத்தாள் என்பதுதானே கதை? அவருக்கே பக்கத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள் மனைவி கேட்டாள், “அன்னிக்குக் கோயில்ல என்ன வேண்டிக்கிட்டீங்க?”

“ஒண்ணும் வேண்டிக்கல. பயமா இருக்குன்னு சொன்னேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அத எங்கிட்டயும் சொல்லியிருக்கலாமே,” என்றாள்.