இரவுச் சாப்பாட்டைக் காலையிலேயே முடிவு செய்வோம்

நேயர்களுக்கு வணக்கம். இந்த மாலை வேளையில் உங்களில் சிலர் வேலை முடிந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருப்பீர்கள். சிலர் வீட்டில் அரிசி களைந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இரவுக்கு என்ன சமைப்பது என்று இன்னும் முடிவு செய்யாதவர்களும் நிறையப் பேர் இருப்பீர்கள். அவர்களை மனத்தில் வைத்தே இன்று பேச வந்திருக்கிறேன்.

கோவையில் மனையியல் ஆசிரியையாக நெடுங்காலம் பணியாற்றியவள் நான். சமைக்கத் தெரியாததால் இரவில் கடையில் வாங்கிச் சாப்பிடும் குடும்பங்களை நான் அதிகம் கண்டதில்லை. நன்றாகச் சமைக்கத் தெரிந்தும், பசியும் களைப்புமாக வீட்டுக்குள் நுழையும் நேரத்தில் "இன்றைக்கு என்ன செய்யலாம்?" என்று யோசிக்க வேண்டியிருப்பதால் கைப்பேசியை எடுத்துவிடும் குடும்பங்களையே எங்கும் காண்கிறேன். அந்த யோசனையை மாலைக்கு விட்டு வைக்காமல் காலையிலேயே முடித்துவிட்டால், இரவுச் சமையல் பாதி முடிந்தது என்பதே நான் சொல்ல வந்தது. இதையே இன்னும் இரண்டு முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த பெண்ணொருத்தி திருமணமாகிப் பீளமேட்டில் குடியிருக்கிறாள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். "வீட்டுக்குள்ள வர்றப்பவே எட்டு மணி ஆயிருதுங்க மேடம், அதுக்கு மேல என்னத்தச் செய்யறது?" என்று ஒருநாள் மிகவும் வருந்திக் கேட்டாள். "புதிதாக எதுவும் செய்யாதே கண்ணு, கிழமைக்கு ஒன்றை முடிவு செய்துகொள்" என்றேன். திங்களும் வியாழனும் அரிசிம்பருப்புச் சோறு, செவ்வாயும் வெள்ளியும் தோசை, புதன்கிழமை கோதுமை ரவை உப்புமா, சனியும் ஞாயிறும் அவர்கள் விருப்பம் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதினோம்.

அரிசிம்பருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். கொங்கு நாட்டில் பிறந்த எனக்கு அதைப் பற்றிப் பேசச் சலிப்பதில்லை. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு போட்டு, இரண்டையும் ஒன்றாகக் களைந்து ஊறவைத்துவிட்டுக் கை கால் கழுவி வரலாம். குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகும் சீரகமும் வெடிக்க, வரமிளகாயையும் கறிவேப்பிலையையும் போட்டு, முழுச் சின்ன வெங்காயமும் பூண்டும் நிறம் மாறும்வரை வதக்கித் தக்காளியைச் சேர்க்க வேண்டும். தக்காளி குழைந்து எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது மஞ்சள்தூளும் உப்பும் இட்டு, மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது கொதித்த பின் அரிசியையும் பருப்பையும் போட்டு மூடினால் நான்கு விசிலில் வெந்துவிடும். ஆவி தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. அவசரப்பட்டு விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் சோறு அந்தப் பக்குவத்துக்கு வராது. ஆவி அடங்குவதற்குள் அப்பளம் சுட்டுவிடலாம். சுடச்சுட நெய் விட்டு உண்டு, கடைசியில் தயிர் ஊற்றிக்கொள்ளும்போது, குழம்பு, பொரியல் என்று தனித்தனியாகச் செய்யவில்லையே என்ற குறை ஒருவருக்கும் தோன்றாது. கழுவ வேண்டியதும் ஒரு குக்கரும் இரண்டு தட்டுகளுமே.

அந்த வீட்டில் இதை நிலைக்கச் செய்தது இன்னொன்று. யார் முதலில் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்களே அரிசியை ஊறப்போட வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலான நாட்களில் கணவரே முதலில் வருவார். என்ன சமையல் என்பது காலையிலேயே தெரிந்திருப்பதால், மனைவியைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. முடிவு முன்பே ஆகிவிட்டால்தான் வேலையைப் பகிர்ந்துகொள்ள முடியும். முடிவு ஒருவர் தலைக்குள்ளேயே இருக்கும்வரை, மற்றவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கட்டளைக்குக் காத்து நிற்பவராகவே இருப்பார்.

ஒரே உணவு திரும்பத் திரும்ப வந்தால் அலுக்காதா என்று கேட்பார்கள். காலை இட்லியை யாரும் அப்படிக் கேட்பதில்லையே! சட்னியை மாற்றுகிறோம், பொடியை மாற்றுகிறோம், அது போதுமானதாக இருக்கிறது.

தோசை நாட்களுக்கு ஞாயிறன்றே மாவு ஆட்டிவிட வேண்டும். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்தும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் போதும். ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து எங்கள் தாய்மார்கள் செலவிட்ட மணிக்கணக்கான உழைப்பை, புவிசார் குறியீடு பெற்ற நம் கோவை கிரைண்டர் இன்று செய்துவிடுகிறது. மாவு இரவெல்லாம் பொங்கிய பிறகு ஒரே பெரிய பாத்திரத்தில் வைக்காமல் இரண்டு, மூன்று சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அன்றன்றைக்கு ஒரு பாத்திரத்தை மட்டும் வெளியே எடுத்தால் மற்றவை விரைவில் புளிக்காது. சின்ன வெங்காயத்தையும் ஞாயிறன்றே உரித்து, ஈரம் படாமல் மூடி வைக்கலாம். சற்று நேரம் தண்ணீரில் ஊறவைத்து உரித்துத் துடைத்துவிட்டால் கண்ணும் எரியாது.

நம் கையால் சமைக்கும்போது உப்பு நம் விரலில் இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. கடையிலிருந்து வரும் குருமாவில் எவ்வளவு உப்பு விழுந்தது, பூரி பொரித்த எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது என்பதை அறிய நமக்கு வழியில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்ளும் பெரியவர்கள் உள்ள வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

தனியாக வாழ்பவர்களின் இரவுச் சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். ஆனால் நிலைய நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவருக்கு என்றாலும் இரண்டு வேளைக்குச் சமையுங்கள். மிஞ்சுவதைச் சாப்பிட்டு முடித்த கையோடு, சமைத்து இரண்டு மணி நேரம் தாண்டுவதற்குள், ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் உண்ணும்போது ஆவி பறக்கும்வரை நன்றாகச் சூடாக்குங்கள், ஒரு முறைக்கு மேல் சூடாக்காதீர்கள். மறுநாள் இரவுக்கு என்ன என்பதையும், மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். வணக்கம்.