இரண்டு கொரடாச்சேரி

வணக்கம் மக்களே. காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரிவது மன்னார்குடி ஹரித்ராநதி தெப்பக்குளம். வீட்டில் உட்கார்ந்து பேசலாம் என்றால் பக்கத்தில் மாவு மில் ஓடுகிறது, அதனால் படிக்கட்டுக்கு வந்துவிட்டேன்.

சென்னை வேலையை விட்டுவிட்டு மன்னை எக்ஸ்பிரஸில் பெட்டியோடு வந்து இறங்கி நான்கு வருஷம் ஆகிறது. இப்போது என் வேலை, அறுவடை மெஷின் வாடகைக்குப் பதிவு செய்கிற ஒரு ஆப். ஊர் பெயர், எத்தனை மா, வயல் காய்ந்திருக்கிறதா ஈரமா என்று விவசாயி போட வேண்டும். ஈரமாக இருந்தால் பெல்ட் மெஷின், காய்ந்திருந்தால் டயர் மெஷின். அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா?

பொங்கல் முடிந்த கையோடு சம்பா அறுவடை. மெஷின்காரர் ஒருவர் காலையில் போன் போட்டார். "தம்பி, கொரடாச்சேரியில் ஒன்பது பேர் பதிந்திருக்கிறோம் என்கிறார்கள். எனக்கு நாலு பேர்தான் வருது. மழை வேறு வரும்போல இருக்கு."

நான் முதலில் சந்தேகப்பட்டது நெட்வொர்க்கை. அப்புறம் கேஷை, அதாவது போன் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை. அப்புறம் சர்வரை. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினேன், அது என்னவோ பெரிய வைத்தியம் மாதிரி. சர்வர் தன் வேலையை எழுதி வைக்கும் லாக் என்கிற குறிப்பை ஒன்றரை நாள் படித்தேன். தப்பு என்னிடம் இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

கண்டுபிடித்தது அம்மா. காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, திரையில் திறந்திருந்த ஊர்ப் பட்டியலைப் பார்த்து, "ஏன்டா, கொரடாச்சேரி ரெண்டு தடவை போட்டிருக்கே?" என்று கேட்டார். பார்த்தால், ஆமாம், ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு. ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. யாரோ இரட்டையாகச் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றை அழித்து, பதிவுகளை ஒன்றாக்கினேன். மறுநாள் காலை மறுபடி இரண்டு!

அப்போதுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். இரண்டு பெயரையும் பைத்தான் என்கிற நிரல்மொழியில் போட்டு நீளம் கேட்டேன். ஒன்று 11 என்றது, இன்னொன்று 12 என்றது. கண்ணுக்கு இரண்டும் ஆறு எழுத்து: கொ, ர, டா, ச், சே, ரி. கணினிக்கு அப்படி இல்லை. மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும்.

அந்த ஒன்று எங்கே கூடியது என்றால், முதல் எழுத்திலேயே. 'கொ' என்பதை யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் ஒரு எண் கொடுக்கும் முறையில், இரண்டு விதமாக எழுதலாம். க, அதோடு ஒகரக் குறி, மொத்தம் இரண்டு. இல்லாவிட்டால் க, ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று மூன்று. திரையில் இரண்டும் ஒரே முகம். போனில் தட்டுகிறவர்களுக்கு முதல் விதம் வருகிறது. எங்களுக்கு வந்த பழைய எக்செல் கோப்போ, பாமினி என்கிற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்து, பிறகு எழுத்துரு மாற்றி என்கிற மென்பொருள் மூலம் யூனிகோடுக்கு வந்தது. பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு தட்ட வேண்டும். அந்த மாற்றி கொம்பை க-வுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறது, ஆனால் கொம்பையும் காலையும் ஒட்டாமல் விட்டுவிட்டது. அந்தக் கோப்பை ஆப் தினமும் இரவு படிக்கும்படி வைத்ததும் நான்தான். நான் அழிக்க அழிக்க அது திரும்பக் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு சொல்கிறது. ஆனால் சமப்படுத்துகிற வேலை நம்முடையது. இரண்டு விதத்தையும் ஒரே வடிவமாக்க என்எஃப்சி என்று ஒரு முறை இருக்கிறது, பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா மாட்யூலிலேயே அதற்கு நார்மலைஸ் என்று ஃபங்ஷன் உண்டு. ஒரே வரி. கொள்ளிடம், கோட்டூர், கொத்தங்குடி எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டன. மெஷின்காரருக்கு ஒன்பது பேரும் வந்தார்கள். அவர் நன்றி எல்லாம் சொல்லவில்லை, "முன்னாடியே பார்த்திருக்கலாம்ல" என்றார். நியாயம்தான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து, சௌந்தரம் என்று ஒரு அம்மா பதிந்தது தேடினால் வரவில்லை. என்எஃப்சி போட்டும் வரவில்லை.

இந்த இடத்தில் கும்பகோணம் வர வேண்டும். கணினி வேலை செய்கிற நாங்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு அங்கே ஒரு பயிற்சி மையத்து மாடியில் கூடுவோம். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தால் பெரிய கூட்டம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவின் ஞாயிற்றுக்கிழமை இணையக் கூட்டங்களைக் கேட்டுத்தான் எனக்கும் இந்தப் பழக்கம் வந்தது. நேரில் கூடினால் ஒரு சௌகரியம்: கணினிக்காரர் அல்லாதவர்களும் வந்து உட்காருவார்கள். அன்றைக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற அச்சகக்காரர் ஒருவர் பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

நான் சௌந்தரத்தைத் திரையில் பெரிதாகப் போட்டுப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து கிட்டே வந்து பார்த்தார். "இது ஔகாரம் இல்லை சார். கொம்பு போட்டு ளகரம் அடிச்சிருக்காங்க. எங்க கடையில் எல்லாரும் அப்படித்தான் அடிப்போம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. சௌ வேறு, செள வேறு. இதை என்எஃப்சி தொடாது, ஏனென்றால் அதன் கணக்கில் ள ஒரு முழு எழுத்து. சரி, கொம்புக்குப் பின்னால் ள வந்தால் எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்றிவிடலாமே என்றேன். அவர், "வெள்ளம், வெளி, தெளிவு எல்லாம் என்ன ஆவது?" என்றார். அப்புறம் அவரே வழியும் சொன்னார். ளகரத்துக்கு மேலே புள்ளி இருந்தாலோ, பக்கத்தில் ஏதாவது குறி இருந்தாலோ அது நிஜ ள, கை வைக்காதே. மொட்டையாக நின்றால் சந்தேகப்படு. அதைத்தான் எழுதியிருக்கிறேன். பெயர்ப் பெட்டியில் மட்டும். குறிப்புப் பெட்டியில் நம் ஆட்கள் 'வெளக்கு', 'வெளஞ்சுடுச்சு' என்று பேசுகிற மாதிரியே எழுதுவார்கள், அங்கே போட்டால் கெட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது அப்பா விஷயம். விடியற்காலை 4 மணிக்குப் பதிகிறவர்களின் பதிவு முந்தின நாள் தேதியில் விழுந்துகொண்டிருந்தது. 5.30 மணிக்குப் பிறகு பதிந்தால் சரியாக இருக்கும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது என்பது தெரிந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது: ஆப் தேதியை உலகப் பொது நேரத்தில் எடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் நிரலில் செய்து சேமித்த நூற்றிருபது மாற்றங்களில், அதாவது கமிட்டில், தப்பு எதில் நுழைந்தது?

எங்கள் வயல் வாய்க்கால் முடிகிற கடைமடைப் பக்கம். ஜூன் 12 மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாறு வழியாக எங்களுக்குத் தண்ணீர் வருவதற்குள் பொறுமை போய்விடும். ஒரு வருஷம் தலைமதகில் தண்ணீர் நிற்கிறது, வயலில் பொட்டு இல்லை. அப்பா தலையிலிருந்து கரையோடு நடக்கவில்லை. சைக்கிளை எடுத்து நேராக வாய்க்காலின் நடுவில் இருக்கும் பாலத்துக்குப் போனார். அங்கே தண்ணீர் ஓடியது. அப்படியானால் அடைப்பு அதற்குக் கீழே. மீதியில் பாதி தூரம் போனார், அங்கே காய்ந்து கிடந்தது. திரும்பிப் பாதி. ஒரு குழாய்ப் பாலத்தின் வாயில் ஆகாயத்தாமரை மெத்தை மாதிரி அடைத்திருந்தது. கேரியரில் உட்கார்ந்து நான் கூடவே போனேன்.

நிரல் மாற்றங்களை வரிசையாகச் சேமித்து வைக்கும் கிட் என்கிற மென்பொருளில் பைசெக்ட் என்று இருப்பது இதேதான். நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று காட்டினால் அது நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். நூற்றிருபதுக்கு அதிகம் போனால் ஏழு தடவை. ஏழாவதில் சிக்கியது. 'சின்னச் சின்னச் சுத்தம்' என்று தலைப்புப் போட்டு நானே செய்த கமிட். தேதி எடுக்கும் வரியை அழகுபடுத்துகிறேன் என்று மாற்றியிருக்கிறேன்.

சரி, வெளிச்சம் குறைகிறது, பேட்டரியும் சிவப்பு காட்டுகிறது. கிளம்புவதற்கு முன்னால் இதைப் பாருங்கள், போனைக் கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், தெரிகிறதா? இன்று காலை நிலவரம். மறுபடி இரண்டு. ஆனால் இந்தத் தடவை ஒன்று கொரடாச்சேரி, இன்னொன்று வல்லின ற போட்ட கொறடாச்சேரி. பதிந்தவருக்குப் போன் போட்டு, எந்த ரகரம் ஐயா என்று கேட்டேன்.

"எங்க தாத்தா காலத்திலேர்ந்து இப்படித்தான் தம்பி எழுதறோம். மெஷின் எப்ப வரும், அதைச் சொல்லு" என்றார்.