தண்ணீர் வருது, இன்ஜின் ஏன் சுடுது?

நேயர்களுக்கு வணக்கம். ஃபைபர் படகின் பின்பலகையில் மாட்டுகிற டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், அதிலும் முப்பது நாற்பது வருஷத்துப் பழசு, ஏன் சுடுகிறது என்று பார்ப்போம்.

இன்ஜினுக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை தண்ணீர் பீய்ச்சும். கரையில் அதற்கு ஒரு பெயர் உண்டு, வானொலியில் வேண்டாம். அது பீய்ச்சினால் கவலையில்லை என்கிறார்கள். ஆனால் இன்ஜினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரை ஏற்றும் பம்பு ஓடுகிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்குள் உப்பு படிந்து வழி அடைத்திருந்தாலும் துளையில் தண்ணீர் வரலாம். துளை மட்டும் அடைத்திருந்தால் தண்ணீர் வராது, இன்ஜின் நன்றாகவே இருக்கும். தடித்த தூண்டில் நரம்பை விட்டுக் குத்திப் பாருங்கள். ரொம்பப் பழைய சில மாடல்களில் துளையே கிடையாது. புகையோடு சாரலாக வரும்.

இனி அந்தப் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர். கியர்பாக்ஸுக்கு மேலே, ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ரப்பர் பூ. படம் போட்டுக் காட்ட வழியில்லை, ஐந்து விரலையும் விரித்துப் பாருங்கள், அப்படித்தான் இதழ்கள். பம்புக் கூட்டின் நடுவில் இல்லாமல் ஓரமாக இருப்பதால், ஒரு பக்கம் இதழ் மடங்கும், மறுபக்கம் நிமிரும். அந்த மடங்கி நிமிர்வதில்தான் தண்ணீர் மேலேறுகிறது. நாள்பட்டால் இதழ் மடங்கியபடியே நின்றுவிடும். அப்போது மெதுவாக ஓட்டும்போதே சூடேறும். மெதுவாக ஓட்டினால் சரி, வேகம் கூட்டினால் சூடு என்றால், பெரும்பாலும் தண்ணீர் இழுக்கும் வாயில் பிளாஸ்டிக் பையோ பாசியோ அடைத்திருக்கும். இல்லையென்றால் எங்கோ காற்று இழுக்கிறது.

கழற்றியதும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு மேலே போகும் குழாயில்தான் இருக்கும். அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை. இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் சின்ன உலோகச் சாவி நழுவாமல் இருக்கக் கொஞ்சம் கிரீஸ் வைத்து ஒட்டுங்கள். ஸ்டார்டர் கயிறை இழுத்தால் ஃப்ளைவீல் எந்தப் பக்கம் சுற்றுமோ, அதே பக்கம் ஷாஃப்டைத் திருப்பிக்கொண்டே கூட்டை இறக்குங்கள். இதழ் சரியாக மடங்கும். இன்ஜினின் கால், அதாவது கியர்பாக்ஸ் இருக்கும் கீழ்ப்பகுதி, அதைத் திரும்ப மாட்டும்போது, தண்ணீர்க் குழாயின் நுனி ரப்பர் வளையத்துக்குள் நுழைந்ததா என்று பாருங்கள். வெளியே நழுவினால் தண்ணீர் காலுக்குள்ளேயே சிந்தும். புதுச் சாமான் போட்டும் சுடுகிறதே என்று புலம்புவது இங்கேதான்.

தண்ணீர் இல்லாமல் 'ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்போம்' என்பது வேண்டாம். தண்ணீர்தான் அந்த ரப்பருக்கு எண்ணெய். டிரம்மில் வைத்தால், இழுக்கும் வாய் நன்றாக மூழ்கட்டும். கடலிலிருந்து வந்ததும் பத்து நிமிஷம் நல்ல தண்ணீரில் ஓட்டுங்கள்.

இன்ஜின் சூடேறும்வரை தண்ணீர் வழியை மூடிவைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். இன்ஜின் குளிர்ந்தே ஓடி, பிளக்கில் கரி படியும். எறியாமல் சோதித்துப் பாருங்கள்: தெர்மோஸ்டாட்டின் வாயில் ஒரு நூலைக் கவ்வவிட்டு, சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்த சூட்டில், பெரும்பாலும் 50, 60 டிகிரி பக்கம், வாய் திறந்து அது நூலிலிருந்து நழுவி விழ வேண்டும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பற்றி ஒரே வார்த்தை: ஒரு பிளக் கறுப்பாகவும் இன்னொன்று கழுவிவிட்டது போல வெளுப்பாகவும் இருந்தால், வெளுத்த பிளக் இருக்கும் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. புது கேஸ்கட் போட்டால் போல்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். சூடான ஹெட்டில் மட்டும் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். வணக்கம்.